அக்கா கடை இட்லி, தங்கச்சி கடை காப்பி

சங்கரன்கோவிலில் நடந்த கூத்து இது. 'தேர்' என்ற வங்கிக்கு எதிரே செல்லக்கிளியின் இட்லிக் கடை. ஒட்டினாற்போல் அவள் தங்கை மாரிக்கனியின் காப்பிக் கடை. செல்லக்கிளியிடம் ஒரு கிரெடிட் கார்டு உண்டு. அது தேர் வங்கியின் சகோதர வங்கியான 'தென்றல்' கொடுத்தது. கார்டு பாக்கியைக் கட்ட அன்றைக்குத்தான் கடைசித் தேதி! பணத்தோடு எதிரே ஓடினாள்.

மேனேஜர் கைலாசம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது தேர், அது தென்றல். திருநெல்வேலிக்குப் போய்க் கட்டும்மா."

"வாசல் போர்டுல ஒரே குடும்பம்னு போட்டிருக்கே சார்?"

"குடும்பம் ஒண்ணு, கல்லா வேற. நாளைக்குக் கட்டினா அபராதம்தான்."

கொஞ்ச நேரத்தில், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ரெஹானா மேடத்தோடு கைலாசம் டிபனுக்கு வந்தார். இட்லி அக்காவிடம், காப்பி தங்கையிடம் என்று சாப்பிட்டு முடித்தார்கள். செல்லக்கிளி கண் காட்ட, மாரிக்கனி கடையைப் பூட்டிக்கொண்டு நழுவினாள்.

கைலாசம் வழக்கம்போல இரண்டுக்கும் சேர்த்துப் பணம் நீட்டினார். செல்லக்கிளி இட்லிக்காசை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"காப்பிக்காசை அங்க குடுங்க சார்."

"கடை பூட்டியிருக்கே!"

"நாளைக்குக் குடுத்தா அபராதம் உண்டு."

கைலாசம் கத்தினார். "உன் கூடப்பிறந்தவதானே? நீ வாங்கி அவகிட்ட குடுத்தா என்ன?"

"கொஞ்சம் முன்னாடி நானும் இதைத்தானே சார் கேட்டேன்!" செல்லக்கிளி தென்றல் கார்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

மேடம் கைலாசத்தை முறைத்தார். "தென்றல் கார்டுப் பணத்தை நம்ம கவுண்டர்லயே வாங்கணும்னு போன மாசமே உத்தரவு போட்டாச்சே?"

அடுத்த நிமிடமே கைலாசம் அவள் கூடவே வங்கிக்குப் போய்ப் பணம் கட்டவைத்து, ரசீதையும் கையில் கொடுத்தார்.

"காப்பிக்காசு..." என்று இழுத்தார்.

"குடுங்க சார், அவகிட்ட சேத்துருதேன். நாங்க போர்டு மாட்டாத குடும்பம்."