அக்கரை மருந்து

"ஒரே ஒரு தடவை சாப்பிட்டா ஆயுசுக்கும் நோய் அண்டாத மருந்து இருக்குதாமே அம்மா, நெசந்தானா?"

கேட்டவர் வஜ்ரவேலு. வெல்ல மண்டி முதலாளி. ஆற்றங்கரை மேட்டில் இருந்த கெம்பம்மாவின் குடிலுக்கு ஏறி வந்த மூச்சிரைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. கேட்கும்போதே இடது மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

கெம்பம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயதில் அவரைவிட இளையவள்தான். ஆனாலும் அந்தப் பக்கத்து மலையூர்க்காரர்கள் எல்லாருக்கும் அவள்தான் குரு. போன மாதம்தான் வஜ்ரவேலுவும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அவளிடம் சிஷ்யனாகச் சேர்ந்திருந்தார்.

"போன மாசம் சொன்னது என்னாச்சு முதலாளி?"

சொன்னது பெரிய உபதேசம் ஒன்றும் இல்லை. விடியலில் எழுந்து நடக்க வேண்டும். பசித்தால் மட்டும் சாப்பிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் அடுப்பை மறந்துவிட வேண்டும். நேரத்தோடு படுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"கொஞ்ச நாள் செஞ்சேம்மா. அப்புறம் மண்டிக்குச் சரக்கு வந்துருச்சு. லாரி வந்து நின்னா நடக்கப் போக முடியுமா? ராத்திரிக்குப் புரோட்டாதான். அப்படியே விட்டுப்போச்சு."

"மறுபடி தொடங்குறது."

"தொடங்கி எப்பம்மா நல்லாகறது? எங்கண்ணன் போனது தெரியுமில்ல? கல்யாணப் பந்தியில சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. பாயசத்தை வாயில வச்சாரு. அப்படியே சரிஞ்சுட்டாரு. எங்கப்பாவும் இதே வயசுலதான். அடுத்தது நான்."

குரல் இறங்கியது.

"கண்ணை மூடவே பயமா இருக்கும்மா. மூடினா திறக்கமாட்டனோன்னு. ஒரே மருந்தாக் குடுத்துருங்க. முழுங்கிட்டு நிம்மதியா இருக்கேன்."

கெம்பம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"இருக்கு. அக்கரையில."

அன்றைக்கு ஆறு நல்ல ஆறாக இல்லை. மேலே எங்கேயோ மழை. செம்மண் கரைந்த புதுத்தண்ணீர் உறுமிக்கொண்டு போனது. கரையில் ஒரு பரிசல் வெயிலுக்குக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை நிமிர்த்தி, தண்ணீரில் தள்ளி, துடுப்போடு ஏறி உட்கார்ந்தாள் கெம்பம்மா.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"பரிசலுக்குத் தெரியும். ஏறுங்க."

ஏறினார்.

பாதி ஆறு போயிருப்பார்கள். குதிகால் சில்லென்றது. குனிந்து பார்த்தார்.

"அம்மா, தண்ணி!"

"ம்."

"உள்ள வருதும்மா!"

"வரும்."

வஜ்ரவேலுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தடவித் தடவித் தேடினார். ஓரிடத்தில் தார் பூச்சு லேசாக உப்பியிருந்தது. அமுக்கிப் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"நோண்டாதீங்க முதலாளி."

அதற்குள் ஒரு பொருக்கு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் தண்ணீர் விரல் தடிமனுக்குப் பொங்கிக் கிளம்பியது.

"ஐயோ!"

இரண்டு கையாலும் அதைப் பொத்த, அவர் பாரம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தது. பரிசலும் சாய்ந்தது. விளிம்பு வழியாக ஆறு எட்டிப் பார்த்து, ஒரு குடம் தண்ணீரை உள்ளே கொட்டிவிட்டுப் போனது.

"நடுவுல உக்காருங்க! துண்டை வச்சுக் காலால அமுக்குங்க!"

கெம்பம்மா கத்தி அவர் கேட்டதே இல்லை. அந்தக் குரலில் பயம் இருந்தது. அவர் நடுவுக்கு நகர்ந்து, தோள் துண்டை ஓட்டையில் வைத்துக் காலால் அமுக்கினார்.

அவள் காலடியில் கிடந்த கொட்டாங்குச்சியை அவர் பக்கம் எற்றிவிட்டாள்.

"இறைங்க."

இறைத்தார். வெறி பிடித்த மாதிரி இறைத்தார். பாதி வெளியே போனது, பாதி அவர் மடியிலேயே விழுந்தது.

"அவ்வளவு வேகம் ஆகாது. மூச்சு முட்டிப்போகும். சீரா இறைங்க."

சீராக இறைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தார்.

"குறையவே இல்லையேம்மா!"

"ஏறிச்சா?"

உற்றுப் பார்த்தார்.

"இல்ல."

"அப்ப இறைங்க."

தோள் கழன்றுவிடும் போல் வலித்தது. ஒரு நிமிஷம் கையைத் தொங்கவிட்டார். கணுக்காலை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீர் கெண்டைக்காலுக்கு வந்துவிட்டது.

துடுப்பை நிறுத்தாமல் கெம்பம்மா கேட்டாள்.

"என்ன, மண்டிக்குச் சரக்கு வந்துருச்சா?"

வஜ்ரவேலு கொட்டாங்குச்சியை எடுத்தார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"இந்த ஓட்டைப் பரிசல்ல ஏத்திட்டு வந்துட்டீங்களேம்மா! ஓட்டையில்லாத பரிசல் ஒண்ணு கிடைக்கலையா?"

"மூங்கில்ல பின்னின கூடைதானே இது? முழுக்க ஓட்டைதான். மேல கொஞ்சம் தார் பூசியிருக்கு. தினமும் காயவச்சு, விட்ட இடத்துல பூசணும். அப்பவும் வரும்."

அவர் பரிசலைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு பின்னலாகப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். ஏறினதிலிருந்து மணிக்கட்டைத் தொடவே இல்லை. கை இரண்டுக்கும் வேலை இருந்தது.

அந்த மருந்து அக்கரையில் எங்கே இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் தண்ணீர் இன்னும் ஏறியது. கேட்காமலே இறைத்தார்.

காற்று திரும்பியது. மழை இறங்கியது. முதலில் ஏறி வந்த கரை மறைந்தது. பிறகு போக வேண்டிய கரையும் மறைந்தது. சுற்றிலும் வெள்ளையாக மழை, கீழே சிவப்பாக ஆறு, நடுவில் ஒரு கூடை.

"அம்மா."

"சொல்லுங்க."

"எதுவரைக்கும்மா இறைக்கணும்?"

"கரை வர்ற வரைக்கும்."

வஜ்ரவேலு கரை எங்கே என்று தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

பார்த்துவிட்டு, இறைக்கக் குனிந்தார்.