நேராகப் போய்ச் சேர்ந்த சரக்கு

முன்னொரு காலத்தில், ஒரு குளத்து நீர்த்துளியில், கண்ணுக்கே தெரியாத ஒரு பச்சை நுண்ணுயிருக்குள் கதிரேறி மகாராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ, அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

அந்த நாட்டுச் சுமையாட்களுக்கு எலக்ட்ரான்கள் என்று பெயர். வெயில் வந்து தட்டியதும் துள்ளி எழுவார்கள். போகிற வழியில் ஏற்றம் மிதித்துத் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். அது இறங்கும்போது ஒரு சக்கரம் சுழலும். சக்கரம் சுழன்றால்தான் அரண்மனை அடுப்பு எரியும்.

ஏற்றத்தைத் தாண்டினால் ஒரு வாசல். அங்கே காவல் சொக்கி. சிலரை நேரே களஞ்சியத்துக்கு அனுப்புவாள். அவர்கள் கூடையில் சரக்கு இறக்குவார்கள். அடுப்பு தணிந்தால் மற்றவர்களை, "ஒரு சுத்து போயிட்டு வாங்க, கண்ணுங்களா" என்று ஏற்றத்துக்கே திருப்பிவிடுவாள். சரக்கும் நெருப்பும் அளவாகச் சேர்ந்தால்தான் சர்க்கரை காய்ச்ச முடியும்.

ஆட்கள் அவள்மேல் உயிராய் இருந்தது களஞ்சிய அதிகாரி வேம்படியாருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, சொக்கி பாதி ஆளுங்களைச் சும்மா சுத்தவிடுறா. எல்லாரும் நேரா போய்ச் சேரட்டுமே!"

"அதானே! சொக்கி, திருப்பிவிடுற கதவைச் சாத்து. மீறினா நாட்டைவிட்டே போகணும்."

சாத்தினாள். உச்சிவேளைக்குள் அடுப்பு தணிந்தது, சர்க்கரை நின்றது. சரக்கு செலவாகாததால் காலிக் கூடையே இல்லை. ஆட்கள் வாசலில் நெரிந்து நின்றார்கள். வெயிலோ விடவில்லை, சுவர்கள் பொசுங்கத் தொடங்கின. தன் பிள்ளைகளைப் போன்ற ஆட்கள் தவிப்பதைப் பார்த்துச் சொக்கிக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கூடைச் சரக்கை அப்படியே எடுத்துப் போய் ராஜாவின் இலையில் கொட்டினாள்.

"சாப்பிடுங்க, மகாராஜா. நேரா வந்த சரக்கு."

ராஜா வாயில் போட்டார், துப்பினார். "சர்க்கரை எங்கே?"

"நெருப்பை ஒளிச்சுவெச்சிருக்கா!" என்று கத்தினார் வேம்படியார்.

சொக்கி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "மகாராஜா, சாப்பாட்டுக்கு முந்தி தினமும் தோட்டத்துல ஏழு சுத்து நடக்கிறீங்களே, எந்த ஊருக்குப் போறீங்க?"

"ஊருக்கா? கிளம்பின இடத்துக்கேதான் வருவேன். வயித்துல தீ மூளணுமே, அதுக்காக நடக்கிறேன்!"

"எங்க ஆளுங்களும் அதுக்காகத்தான் சுத்துறாங்க. எல்லாரையும் நேரா அனுப்பினா, நாம மொத்தப் பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்."

ராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓடிப்போய்த் தன் கையாலேயே கதவைத் திறந்தார். ஆட்கள் ஆரவாரமாய்த் திரும்பி ஓட, ஏற்றம் அசைந்தது, அடுப்பு பற்றியது.

"இந்தக் கதவு இனி சொக்கி பொறுப்பு. நானே சொன்னாலும் அவ கேட்க வேண்டாம். வேம்படியாரே, நீர் போய் ஏற்றம் மிதியும்!"

மூன்றாம் சுற்றிலேயே வேம்படியாருக்கு மூச்சு வாங்கியது. வாசலைப் பிடித்துக்கொண்டு, "தாயே, களஞ்சியத்துக்கு விட்டுடேன்" என்று கெஞ்சினார்.

சொக்கி அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மகாராஜாவுக்கு இன்னும் பசிக்குதாம், அண்ணே."