பண்டிதர் தலைப்பாகையில் ஊர்ந்தது

முன்னொரு காலத்தில், அரங்கேற்றம் என்றாலே கொள்ளை ஆசை கொண்ட ராஜா ஒருவர் இருந்தார். புதிய நூலில் என்ன இருக்கிறதென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். அதனால் ஒரு நாள் முரசறைந்தார்: “ஒருவர் ஆராய்ந்து கண்டதை அரங்கேற்றத்துக்கு முன் சொல்லக்கூடாது. சொன்னால் நாக்கு அறுபடும்.”

அந்தக் கட்டளை அரண்மனை வைத்தியர் வித்யாதர பண்டிதருக்குத் தேனாக இனித்தது. அரண்மனைச் சோற்றைத் தின்றுகொண்டு, சாயக்காரர் தெருவில் வீடு வீடாக நுழைந்து, காய்ச்சல் கண்ட குழந்தைகளின் நாடியைப் பிடித்துப் பார்த்து ஏட்டில் எழுதியவர் அவர். சபையில் மார்தட்டினார்: “அத்தெருவார் வேர், பட்டை, விதை என்று மூன்று கஷாயம் கொடுக்கிறார்கள். அவற்றில் ஒன்று குழந்தைகளைக் கொல்கிறது. எது என்று கண்டுவிட்டேன். தை மாத அரங்கேற்றத்தில் அறிவிப்பேன்!”

சபை கைதட்டியது. விகடகவி சடையாண்டி மட்டும் விரல்விட்டு மாதங்களை எண்ணினான். அப்போது ஆனி; தைக்கு இன்னும் ஏழு மாதம்.

மறுநாள் சாயக்காரர் தெருச் செங்கமலம் சபைக்கு ஓடிவந்தாள். “சாமி, எந்தக் கஷாயம்னு மட்டும் சொல்லிடுங்க. மூத்தவளை இந்தக் காய்ச்சல்லதான் பறிகொடுத்தேன். இப்போ சின்னவனுக்கும் உடம்பு கொதிக்குது.”

“பொறு, அம்மா,” என்றார் பண்டிதர். “இப்போது சொன்னால் அடுத்த நாட்டு வைத்தியன் திருடித் தன் பெயரில் அரங்கேற்றிவிடுவான். என் ஏட்டைப் பார்த்து நாலு பேர் குற்றம் கண்டுபிடிப்பார்கள். அரச கட்டளையும் இருக்கிறது.”

ராஜா தலையசைத்தார். செங்கமலம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சடையாண்டி எழுந்தான். பண்டிதரைச் சுற்றிவந்து, அவர் தலைப்பாகையை உற்றுப் பார்த்து, “அடேயப்பா!” என்று பின்வாங்கினான்.

“என்ன ஐயா?” என்றார் பண்டிதர்.

“தங்கள் தலைப்பாகைக்குள் ஒன்று ஊர்ந்து போயிற்று.”

“தேளா? பூரானா?”

“கண்டுவிட்டேன். அரங்கேற்றத்தில் அறிவிப்பேன். இன்னும் கடவுள் வாழ்த்தே எழுதவில்லை. பங்குனிக்குள் முடித்துவிடலாம்.”

“விளையாடாதே! சொல்!”

“சொன்னால் நாக்கு போய்விடுமே, பண்டிதரே. தாங்கள் வேறு என் ஏட்டில் குற்றம் கண்டுபிடிப்பீர்கள்.”

பண்டிதருக்கு வியர்த்துக் கொட்டியது. “இது என் தலையடா, பாவி! என் தலையில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவேண்டாமா?”

“வேண்டும்!” என்று சடையாண்டி இரைந்தான். விகடம் போன குரல் அது. “அப்படியே அவள் பிள்ளையும் அவளுடையதுதான். நீர் பிடித்த நாடி அந்தப் பிள்ளைகளுடையது. அவர்கள் உடம்பில் கண்டதை அவர்களிடமே ஒளித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பொன்னாடை வேறு கேட்கிறீரா?”

பண்டிதர் தலைப்பாகையைக் கழற்றி வீசினார். அதிலிருந்து ஒரு கட்டெறும்பு இறங்கி, தன்பாட்டுக்குத் தூணை நோக்கி நடந்தது.

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்தபோதுதான் செங்கமலத்தைப் பார்த்தார், பார்வை தாழ்ந்தது. “கட்டளையை ரத்து செய்தேன். பண்டிதரே, எது?”

“வேர்க் கஷாயம், மகாராஜா.”

செங்கமலம் எழுந்து ஓடினாள்.

“ஏடுகளை இன்றே பிரதி எடுத்து எல்லா வைத்தியருக்கும் அனுப்புங்கள்,” என்ற ராஜா, தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியின் கழுத்தில் போட்டார்.

அவன் வணங்கி வாங்கிக்கொண்டான். ஆனால் சிரிக்கவில்லை. ராஜாவின் புது முரசு சாயக்காரர் தெருவுக்குப் போய்ச் சேருமுன்பே, செங்கமலம் அடுப்பில் கொதித்த வேர்க் கஷாயத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, அடுத்த வீட்டுக் கதவை இடித்துக்கொண்டிருந்தாள்.