நாற்பத்தாறு கிலோ ஐஸ் வண்டி

நாகப்பட்டினம் மீன் கடைத்தெருவில், ஒரு மாடி அறையில், பொம்மை அளவில் ரயில் செய்யும் எங்கள் குட்டி ரயில் சங்கம் நடக்கிறது. தலைவர் வைரக்கண்ணு, துணைத் தலைவர் டெய்சி அக்கா, செயலாளர் நான். அறிவில் மூவரும் சமம். அதனால் சங்கத்தில் சண்டையே வந்ததில்லை.

அறை, மீன் மொத்த வியாபாரி செய்யது கனி பாயுடையது. ஒரு நாள் மேலே ஏறி வந்தார்.

"எங்க வாப்பா ரயில்ல மீன் ஏத்தி அனுப்புன ஐஸ் வண்டியைச் செஞ்சு காட்டுங்க. அப்படியே இருக்கணும். பிடிச்சா அறை உங்களுக்கு. இல்லேன்னா ஞாயித்துக்கிழமையே காலி பண்ணிடுங்க, மீன் பெட்டி அடுக்கணும்."

எங்கள் ரயில்களுக்கு ஒரே விதிதான்: எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. வெள்ளிக்கிழமையே வண்டி தயார். நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. ஏணிப் படிகள் குண்டூசியில் செய்தவை. கூரையில் ஐஸ் கொட்டும் மூடிகள் நான்கு. நிஜமாகவே திறந்து மூடும். அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

"ஐஸ் இல்லாத ஐஸ் வண்டி எப்படி அப்படியே இருக்கும்?" என்றார் தலைவர்.

"நிஜ வண்டியில நாலாயிரம் கிலோ போடுவாங்களாம்," என்றேன்.

"எண்பத்தேழால வகுத்துப் பாருப்பா," என்றார் தலைவர்.

நாற்பத்தாறு கிலோ வந்தது. சந்தேகம் தீர நான்கு முறை வகுத்தோம். நான்கு முறையும் நாற்பத்தாறு.

ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பாளத்தை மூச்சு வாங்கத் தூக்கி வந்து, வண்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். டெய்சி அக்கா மூடியையும் பாளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தலைவரே, உள்ள போகாது போலிருக்கே."

"கணக்கு சரியா இருக்கு. வேற எங்கயோ தப்பு."

"ஐஸ் வண்டிக்குள்ள போகலேன்னா, வண்டி ஐஸுக்குள்ள போகட்டுமே," என்றேன். என் வாழ்நாளில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது அன்றுதான்.

பாளத்தைத் திரும்பச் சுமந்துபோய், குடைந்து, வண்டியை உள்ளே வைத்து, தண்ணீர் ஊற்றி உறையவைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். மேஜைமேல் வெள்ளைப் பாளம்.

"வண்டி எங்கய்யா?"

"உள்ள இருக்கு பாய்."

"எப்ப உருகும்?"

"வாப்பா காலத்துல மீன் போய்ச் சேர ரெண்டு நாள். வகுத்தா முப்பத்து மூணு நிமிஷம்," என்றார் தலைவர்.

முப்பத்து மூன்று நிமிஷம் ஆயிற்று. பாளம் லேசாக வியர்த்ததோடு சரி.

"பாவம், ஐஸுக்குக் கணக்கு வராது," என்றார் டெய்சி அக்கா.

சாயங்காலம் உருகி முடிந்தது. வண்டியின் பெயின்ட் உரிந்திருந்தது, ஏணியைக் காணோம். தண்ணீர் மட்டும் தரை வழியே இறங்கிக் கீழே பாயின் கல்லாப்பெட்டியில் சொட்டியது.

"எல்லாத்தையும் எண்பத்தேழால வகுக்கிறீங்கள்ல?" என்று கத்தினார் பாய். "இந்த அறையிலயும் எண்பத்தேழுல ஒரு பங்கை வெச்சுக்கிட்டு மீதியைக் குடுங்க!"

அறை போகவில்லை! டேப்பை எடுத்து ஓடினோம். மொத்தம் இருநூற்று அறுபத்தொரு சதுர அடி. வகுத்தால் மூன்று. சாக்பீஸால் கோடு போட்டு, ஆளுக்கொரு சதுர அடியில் நின்று பொதுக்குழுவைக் கூட்டினோம். சுற்றிலும் மீன் பெட்டி வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

பாய்க்கு நன்றித் தீர்மானம் நிறைவேறியது. அடுத்து, ஆளுக்கொரு காலில் நின்றால் பாதி இடம் சும்மா கிடப்பதைத் தலைவர் கண்டுபிடித்தார். ஆகவே சங்கத்தில் புதிதாக மூவரைச் சேர்க்க இருக்கிறோம். விண்ணப்பத்தில் எந்தக் கால் என்று குறிப்பிடவும்.