புலவர் குனிந்த வாசல்

வல்லிபுரத்து அரசவையில் விகடம் பேசிப் பிழைத்த உலகப்பன் அன்று நெற்றியில் எலுமிச்சங்காய் அளவு புடைப்போடு வந்து உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் ஏகாம்பரப் புலவர் வீட்டு விருந்துக்குப் போய்வந்த பலன். அந்த வீட்டு வாசல் அவ்வளவு தாழ்வு! புலவர் பேச்சை நிறுத்தாமலே சட்டென்று குனிந்து உள்ளே போய்விட்டார். பின்னால் போன உலகப்பன்தான் ‘ணங்’கென்று இடித்துக்கொண்டான்.

அரசர் வீரபூபதிக்கு உயிரான வெள்ளைக் குதிரை ஒரு வாரமாய்ப் படுத்த படுக்கை. பாரசீகத்திலிருந்து வந்து இரண்டு வருஷமாய் இங்கே குடியிருக்கும் குதிரை வைத்தியன் பஹ்ராம், சோறு தண்ணி மறந்து அதை எழுப்பி நிறுத்திவிட்டான். சந்தோஷம் தாங்காமல் சபைக்கே ஓடி வந்தான்.

“குதிரை எழுந்தார்! கொள்ளு சாப்பிட்டார்! ராஜா வரும், பார்க்கும்!”

சபை கொல்லென்று சிரித்தது. அரசர் முகம் சுண்டிப்போயிற்று.

புலவருக்கு இது போதாதா? துள்ளி எழுந்தார். “அபசாரம்! குதிரைக்கு மரியாதை, அரசருக்கு அவமரியாதையா? வேண்டுமென்றே செய்கிறான். திமிர்! பொழுது சாய்வதற்குள் இவனை எல்லை தாண்டி விரட்ட வேண்டும்!”

“அப்படியே ஆகட்டும்” என்றார் அரசர்.

பஹ்ராம் அரசர் காலில் விழுந்தான். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். “எங்க ஊர் பேச்சில் மனுஷன் வந்தாலும் குதிரை வந்தாலும் ‘வந்தது’க்கு ஒரே சொல். வாய்க்குப் பழக்கம் பழசு. நான் கெட்டது இல்லை!” என்று கும்பிட்டான்.

உலகப்பனுக்குப் பொறுக்கவில்லை. குதிரையைப் பிழைக்க வைத்தவனுக்கு இந்தக் கூலியா! ஆத்திரத்தில் புடைப்பைத் தடவினான். யோசனை வந்துவிட்டது.

“நல்ல தீர்ப்பு, அரசே! விரட்டுவதற்கு முன் குதிரையை ஒரு நடை பார்த்துவிடலாமே. யானை கட்டும் கொட்டாரம் வழியாகப் போனால் குதிரை லாயம் கிட்டம். பணிவுக்குப் பேர்போன நம் புலவர் முன்னால் நடக்கட்டும்.”

பணிவு என்றால் அப்படியொரு பணிவு. சபைக்குள் வரும்போதெல்லாம் புலவர் வாசலிலேயே தாழக் குனிவார். அதற்காகவே அரசர் வருஷா வருஷம் பட்டுச் சால்வை போர்த்துவார்.

எல்லோரும் கிளம்பினார்கள். கொட்டார வாசல், அம்பாரி கட்டிய யானை நிமிர்ந்து நுழையும் உயரம். உள்ளே ஓர் ஆளும் இல்லை. ஒற்றை யானை மட்டும் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. புலவர் போனார். தாழக் குனிந்தார்!

“நில்லுங்கள் புலவரே! வணக்கம் யாருக்கு? யானை வாலுக்கா?” என்றான் உலகப்பன்.

புலவர் திருதிருவென்று விழித்தார். “நான் எங்கே குனிந்தேன்?”

“குனிந்தீரே! என் கண்ணால் பார்த்தேனே!” என்றார் அரசர்.

“கோபிக்காதீர்கள், அரசே. அவர் வீட்டு வாசல் தாழ்வு. இதோ, என் நெற்றியே சாட்சி. அங்கே பழகிய முதுகு எந்த வாசலைக் கண்டாலும் தானாகக் குனிகிறது. அவருக்கே தெரிவதில்லை. பஹ்ராமின் நாக்கும் பிறந்த வீட்டுப் பழக்கத்தில்தான் புரள்கிறது. அது திமிர் என்றால் இது என்னவாம்?”

“அடப்பாவி! அப்படியானால் இத்தனை வருஷமாய் இவர் குனிந்தது எனக்கு இல்லையா?”

“உங்களுக்கு இல்லை, அரசே. அவர் வீட்டு உத்தரத்துக்கு!”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புலவர் தோளில் கிடந்த சால்வையை உருவிப் பஹ்ராமுக்குப் போர்த்தினார். “நீ இங்கேயே இருப்பா. உன் நாக்கும் இவர் முதுகும் பழக்கத்தை விடட்டும். எது முந்துகிறது, பார்ப்போம்!”

“ராஜா நல்லது!” என்றான் பஹ்ராம். இந்தத் தடவை அரசர் முகம் சுண்டவில்லை.

புலவருக்கு மானம் போயிற்று. இனி செத்தாலும் குனிவதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். கொட்டார வாசல் வந்தது.

தாழக் குனிந்து போனார்.