உள்ளான் குருவி பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, சங்குமுனைக் கடற்கரையில் உள்ளான் குருவி நிமிர்ந்த தலையோடு நடந்து திரிந்தது. ஈர மணலில் அலகை நுழைத்து இரை தேடும். நடுநடுவே கரையில் இருப்பவர்களோடு வம்பு பேசும்.

சங்குமுனை மீனவர்கள் இயேசுவைச் சேசு என்று சொல்லி வணங்கியவர்கள். ஓலை வேய்ந்த சிறு கோவில் அவர்களுக்கு இருந்தது. ஆனால் அவருடைய பெயரைக் கோவிலில் சொன்னதைவிடக் கரையில்தான் அதிகம் சொன்னார்கள். மீன் விலை படியாவிட்டால் அந்தப் பெயர். வலை சிக்கினால் அந்தப் பெயர். நண்டு கடித்தாலும், பொய்ச் சத்தியம் செய்தாலும் அதே பெயர்தான். எல்லாரையும்விட அதிகம் சொன்னவன் கஸ்பார். நல்ல தொழிலாளி, சிரித்த முகம். வாய் மட்டும் நிற்காது.

கேட்டுக் கேட்டு உள்ளானுக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. ஒருநாள் கஸ்பாரின் குரலிலேயே "சேசுவே!" என்று அது கத்த, கரை முழுவதும் சிரித்தது. யாரோ ஓர் இறாலைத் தூக்கிப் போட்டார்கள். அதன்பின் பசித்தபோதெல்லாம் உள்ளான் அப்படியே கத்தியது.

கஸ்பாரின் மனைவி மதலேனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"அது யார் பேருன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. சொன்னா சிரிக்கிறாங்க, இறால் கிடைக்குது" என்றது உள்ளான்.

"அது விளையாட்டுப் பேரு இல்ல. கையில வேற ஒண்ணும் இல்லாதப்போ கூப்பிடுற பேரு."

"விடு மதலேன்" என்று கஸ்பார் சிரித்தான். "குருவி சொல்லியா அவருக்குக் குறையப் போகுது?"

மார்கழியில் ஒரு நடுச்சாமத்தில், கஸ்பாரும் அவன் தம்பி எஸ்தாக்கியும் கட்டுமரத்தில் போனார்கள். எஸ்தாக்கிக்கு அப்போதுதான் பெண் பேசி முடித்திருந்தார்கள். விடியும் நேரத்தில் கரை திரும்பும்போது பனி இறங்கிக் கடலை மூடியது. எதிரே பாறை இருந்தது தெரியவில்லை. மோதிய வேகத்தில் கயிறுகள் அறுந்து மரங்கள் தனித்தனியாகச் சிதறின. எஸ்தாக்கியின் தலையில் அடிபட்டது. கஸ்பார் ஒரு கையால் தம்பியையும் மறு கையால் ஒரு மரத்தையும் பிடித்துக்கொண்டு, உயிரெல்லாம் திரட்டிக் கூப்பிட்டான்.

"சேசுவே!"

கரை தொலைவில் இல்லை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்களின் காதில் அது தெளிவாகவே விழுந்தது.

"விடிஞ்சதும் உள்ளான் தொடங்கிட்டான் வே" என்றார் சலமோன் என்ற கிழவர். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவரும் எழவில்லை.

உள்ளான் அப்போது மணலில் அலகைப் புதைத்திருந்தது. தான் கத்தவில்லை என்பது அதற்குத்தான் தெரியும். சட்டென்று எழும்பிப் பனிக்குள் பறந்தது. பாறையோரம் அலைக்குள் போய்ப் போய் மேலே வரும் இரண்டு தலைகளைக் கண்டது. கரைக்குத் திரும்பியபோது பயத்தில் அதன் வாயில் வேறு சொல்லே வரவில்லை.

"சேசுவே! சேசுவே!"

சலமோன் ஓர் இறாலை எடுத்து அதன் முன்னால் போட்டார்.

உள்ளான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடலுக்கும் கரைக்குமாகப் பறந்து பறந்து கத்தியது. கருவாட்டுக்கு மீன் பரப்பிக்கொண்டிருந்த மதலேன் இதைக் கவனித்தாள். கூடை அவள் கையிலிருந்து விழுந்தது.

"இரைக்குக் கத்தலய்யா அது! தள்ளுங்க வள்ளத்த!" என்று அலறிக்கொண்டே ஓடி, வள்ளத்தில் தானே தோளைக் கொடுத்தாள். அப்புறம்தான் ஆண்கள் எழுந்தார்கள்.

பாறையோரம் கஸ்பார் மட்டும் மரத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அவனுடைய மறு கை வெறுமையாக இருந்தது.

கரையில் கிடத்தியதும் மதலேன் அவன் முகத்தைத் துடைத்தாள். "நீங்க கூப்பிடலையா?" என்று கேட்டாள்.

"கூப்பிட்டேன். அவன் என் கையில இருக்கும்போதே கூப்பிட்டேன்."

சலமோன் பக்கத்தில் வந்து நின்றார். "கேட்டுச்சு" என்றார். மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

எஸ்தாக்கியின் உடலைக் கடல் தரவில்லை. மாலையில் ஊர் முழுவதும் கோவிலில் கூடியது. ஊருக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் அவனுக்காக ஜெபமாலை தொடங்கினார். ஜெபத்தில் அந்தப் பெயர் வரும் இடம் வந்தது. ஊரெல்லாம் ஒரே குரலாகச் சொல்லிக் கடக்க, கஸ்பாருக்கு மட்டும் நா எழவில்லை. அவன் தலைத்துண்டை அவிழ்த்து மார்போடு பிடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தினான். பிறகு மெதுவாக, புதிதாகக் கற்றவனைப்போல, அந்தப் பெயரைச் சொன்னான். அடுத்த முறை சலமோனின் தலை தாழ்ந்தது. ஜெபமாலை முடிவதற்குள் நிமிர்ந்த தலை ஒன்றும் கோவிலில் இல்லை.

உள்ளான் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தது. வெளியே வந்த மதலேனிடம், "அது யார் பேருன்னு எனக்கு இப்போ தெரியும். இனி இரைக்காக வாய் திறக்க மாட்டேன்" என்றது. மனிதர் பேச்சில் உள்ளான் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

அந்த மார்கழியிலிருந்துதான், திருப்பெயர் காதில் விழுந்ததும் சங்குமுனை ஆண்கள் தலைத்துண்டை எடுக்கிறார்கள், பெண்கள் சிரம் தாழ்த்துகிறார்கள். உள்ளானும் அலையோரத்தில் ஓர் அடி வைத்து ஒருமுறை தலை குனிந்து, மறு அடி வைத்து மறுமுறை குனிந்து, இன்றுவரை அப்படியே நடக்கிறது.