சிங்காரி துடைத்த புள்ளி

ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் சிங்காரி என்றொரு மென்பொருள் இருந்தாள். ஆராய்ச்சியாளர்கள் கொண்டுவரும் மங்கலான படங்களைத் தெளிவாக்கித் தருவது அவள் வேலை. அதற்கு முன்னால் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் மணப்பெண்களின் மருவையும் பருவையும் துடைத்துக்கொண்டிருந்தவள். இடம் மாறினாளே தவிர கைப்பழக்கம் மாறவில்லை. நிலாவின் படம் வந்தால்கூடப் பள்ளமெல்லாம் நிரவி, லேசாகப் பவுடர் பூசித்தான் அனுப்புவாள்.

ஒருநாள் பெனடிக்டா என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு வாழையிலையின் படத்தைக் கொடுத்து, தெளிவாக்கித் தரச் சொல்லிவிட்டுப் போனாள். இலை நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. அது யாரும் அறியாத புது நோய். அதன் சொந்தபந்தமெல்லாம் வாழைத்தோப்பில் இலைத்தோலுக்குள் பதுங்கிக் கிடக்க, வெளியே தலைகாட்டியது இது ஒன்றுதான். அந்த இலையும் சருகாகி உதிர்ந்துவிட்டது. மிச்சம் இந்தப் படம்.

புள்ளிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஏறெடுத்தும் பார்க்காத உலகத்தில் ஒருத்தி லென்ஸ் வைத்துப் பார்த்தாளே. இனி பேர் வைப்பார்கள், அதுவும் லத்தீனில் வைப்பார்கள் என்று கனவு கண்டுகொண்டிருந்தபோது சிங்காரி அழிப்பானோடு வந்து நின்றாள்.

“அக்கா, கொஞ்சம் பொறுங்க. நான் அழுக்கு இல்ல, நோய்,” என்றது புள்ளி.

“அதை வேற வெக்கமில்லாம சொல்லிக்கிறியா? உன்னைப் பார்க்கவா அந்தப் பொண்ணு இவ்வளவு தூரம் வந்தா?”

“என்னைப் பார்க்கத்தான். வெறும் இலையிலதான் தினம் சோறு போட்டுச் சாப்பிடறாங்களே.”

சிங்காரிக்கு இந்த வாய் பிடிக்கவில்லை. எத்தனையோ கன்னத்து மருக்கள் இதைவிட நன்றாகக் கெஞ்சியிருக்கின்றன, எதற்கும் தான் இரங்கியதில்லை என்று சொல்லிக்கொண்டே ஒரே இழுப்பு. புள்ளி போயிற்று. பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்தும் வைத்தாள். அலங்காரம் முடிந்தபின் பழைய முகத்தைக் காப்பாற்றி வைக்கும் வழக்கம் அவளிடம் கிடையாது.

பெனடிக்டா வந்து பார்த்துப் பதறிப்போனாள். இங்கே ஒரு நோய் இருந்தது, தோப்புக்கு உடனே மருந்தடிக்க வேண்டும் என்று துறைத் தலைவர் ஞானசிகாமணியிடம் தலைகீழாக நின்று சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

“எங்கம்மா இருக்கு? காட்டு.”

காட்ட ஒன்றுமில்லை. மருந்து தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர், இலையின் அழகில் சொக்கிப்போய், படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தன் அறையில் மாட்டியும் வைத்தார்.

தோப்பில் புள்ளியின் சொந்தக்காரர்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் குடும்பம் பெருக்கினார்கள். அடுத்த மழைக்குள் ஒரு மரமும் தப்பவில்லை.

இன்று அந்த ஊரில் நோயில்லாத வாழையிலை ஒன்றே ஒன்றுதான். அது ஞானசிகாமணியின் சுவரில் இருக்கிறது.